நாற்பதரை இஞ்ச் இடுப்பு

எங்கள் தெருவில் யாருக்கும் பெரிய தொப்பை கிடையாது. அதாவது, என் மாமாவின் அளவு நோட்டில் கிடையாது. வேறு கடையில் முப்பத்தாறு என்று எழுதப்பட்ட இடுப்பு, மாமாவின் கடைப்படி ஏறியதும் முப்பத்தைந்துக்குக் கீழே இறங்கிவிடும். போட்டுப் பார்த்தால் பேண்ட் கச்சிதமாக நிற்கும். கடைத்தெரு முனையில் கண்ணாடி பதித்த பெரிய தையல் கடை வந்த பிறகும் மாமாவின் கடையில் கூட்டம் குறையாததற்கு அவருடைய கைராசிதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். என் இடுப்பை முப்பத்தேழரை என்று எழுதுகிற இடத்தை விட்டு முப்பத்தொன்பது என்று எழுதுகிற இடத்துக்குப் போக எனக்கென்ன பைத்தியமா?

மாமா என்றால் என் அக்காவின் கணவர். ஐம்பத்து நான்கு வயது. ஆண்கள் உடை மட்டும் தைப்பவர். பக்கத்துக் கடை என்னுடையது, ஜெராக்ஸ் கடை. இரண்டு கடைகளுக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான் சுவர். அந்தப் பக்கம் அவர் இருமினால் இந்தப் பக்கம் என் காகிதம் நகரும். அதனால் அவருடைய கதையை நான் சொல்வதில் யாரும் மூக்கைச் சுளிக்க வேண்டாம். பாதி என் காதில் விழுந்தது, மீதியில் நானே உடந்தை.

அவர் அளவெடுப்பதற்கு ஒரு முறை உண்டு. கழுத்தில் தொங்கும் துணி டேப்பை இரண்டு கைகளிலும் பிடித்து, ‘டப்’ என்று ஒரு சுண்டு சுண்டுவார். அதன் பிறகுதான் ஆளைத் தொடுவார். கடை திறந்த அன்று வாங்கிய டேப் அது, இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. எண்கள் பாதி அழிந்துவிட்டன. போன வருஷத்திலிருந்து அதில் ஐந்து இஞ்சுக்கு ஒன்றாகச் சிவப்பு நூலில் சின்ன முடிச்சுகள் போட்டு வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். “வேகத்துக்கு மாப்ள” என்றார். வேகமானவர்தான், அதனால் நம்பினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். அவர்கள் வீட்டு அறைவாசலுக்கு ஒரு திரை தைத்துப் போட்டார். வாசலின் உயரத்தை அக்கா வீட்டில் இருந்த தன்னுடைய டேப்பால் எடுத்து, காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். வந்த திரை மூன்று இஞ்ச் தரையில் புரண்டது. அக்கா கேட்டபோது, “துணி கொஞ்சம் தரையில கிடந்தாத்தான் அழகு” என்று சொல்லிவிட்டார். எட்டு வருஷமாக அந்தத் திரை வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

இப்படி இருந்தவரை ஒரு நாள் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம். காலில் ஒரு சின்னப் புண், ஒரு மாதமாகியும் ஆறவில்லை. ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை, அளவைச் சொன்னால் நீங்களே எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவீர்கள், அவ்வளவு. நர்ஸ் அம்மா இடுப்பை அளந்து நாற்பத்திரண்டு என்று எழுதினார். டாக்டர் வயதில் சின்னவர், பேச்சில் இழுவை இல்லாதவர்.

“என்ன வேலை பண்றீங்க?”

“டெய்லர் சார்.”

“அப்ப உங்களுக்குக் கண்ணுதான் எல்லாம். இந்தச் சர்க்கரை இப்படியே போனா அடுத்தது அங்கதான் போகும். மூணு மாசம் டைம். மாத்திரை போடுங்க, சாப்பாட்டைக் குறைங்க, தினமும் நாப்பது நிமிஷம் உடற்பயிற்சி. இடுப்பு முப்பத்தெட்டுக்கு வரணும். வரலன்னா ஊசிதான்.”

வாழ்நாள் முழுவதும் ஊசியைப் பிடித்துச் சம்பாதித்தவர், அந்தச் சொல்லைக் கேட்டதும் நாற்காலியில் ஒரு அடி பின்னால் போனார். கண்ணைப் பற்றிச் சொன்னபோது மட்டும் சிரித்தார். அக்காதான் தலையைக் குனிந்துகொண்டாள். தினமும் காலையில் கடைக்குக் கிளம்புமுன் அவருக்குப் பத்து ஊசியில் நூல் கோத்து, சின்னப் பஞ்சுத் திண்டில் குத்திக் கொடுத்து அனுப்புகிறவள் அவள். அது வெளியே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாது.

கடைக்கு வந்ததும் மாமா முதல் காரியமாகத் தன் டேப்பை எடுத்தார். ‘டப்’ என்று சுண்டினார். இடுப்பைச் சுற்றி, சிவப்பு முடிச்சைத் தடவி, “நாப்பதரை” என்றார்.

“அங்க நாப்பத்திரண்டுன்னாங்களே மாமா?”

“அந்தம்மாவுக்கு அளவெடுக்கத் தெரியல. டேப்பு கோணலா போகுது. நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன், பாவம்னு விட்டுட்டேன்.”

ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்கு வருவதற்குள் ஒன்றரை இஞ்ச் குறைந்துவிட்டது. இன்னும் இரண்டரைதான் பாக்கி. அந்த நாற்பதரையை அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்தான் எழுதினேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் சொல்ல, நான் எழுத வேண்டும் என்று ஏற்பாடு.

எந்த உடற்பயிற்சி என்பதுதான் அடுத்த கேள்வி. அதை வாடிக்கையாளர்களிடம் கேட்டது மாமா செய்த முதல் தவறு. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர், நடைதான் ராஜா, மற்றதெல்லாம் வேலைக்காரர்கள் என்றார். பேங்க் கேஷியர் யோகா என்றார். நீந்தினால் முட்டி தேயாது என்று ஒருவர், இரும்பைத் தூக்கினால் சர்க்கரை ஓடிவிடும் என்று ஒருவர். தனக்கு ஒத்துக்கொண்டதெல்லாம் ஊருக்கே ஒத்துக்கொள்ளும் என்று நினைக்காத மனிதனை நான் இன்னும் பார்க்கவில்லை. மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு கடைசியில் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

“அதுக்கு என்ன உடுப்பு போடுவாங்க?”

நடையில் ஆரம்பித்தார். அதாவது, நடைக்கான டிராக் பேண்ட்டில் ஆரம்பித்தார். கருநீலத் துணி, பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை, வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டை வைக்க ஒரு பாக்கெட், போனுக்கு ஒரு பாக்கெட், காலடியில் ஜிப். மூன்று நாள் உட்கார்ந்து தைத்தார். நான்காம் நாள் காலையில் அதைப் போட்டுக்கொண்டு கிளம்பியவர் தெருமுனை வரை போனார். அங்கே முட்டிக்குப் பின்னால் தையல் சுருங்குவதாகப் பட்டது. திரும்பி வந்து பிரித்தார். பிரித்துத் தைக்க இரண்டு நாள். இதற்குள் போஸ்ட்மாஸ்டர் அந்தப் பேண்ட்டைப் பார்த்துவிட்டு, தனக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டுமென்றார். அவரைப் பார்த்து அவரோடு நடக்கும் நான்கு பேர். ஒரு வாரம் மாமா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

“நடக்கலையா மாமா?”

“நடக்கிறவங்க வேலைதான் போயிட்டிருக்கு மாப்ள” என்றார், வாயில் குண்டூசியோடு.

அடுத்தது யோகா. நாடா வைத்த தொளதொள பருத்திப் பேண்ட், அதற்கேற்ற அரைக்கைச் சட்டை. இந்த முறை வகுப்புக்கே போய்விட்டார். போன அன்று நானும் கூடப் போனேன், அக்காவின் கட்டளை. ஒரு பெரிய கூடம், தரையில் இருபது பேர். எல்லோரும் குனிந்து கால் விரலைத் தொட்டார்கள். பயிற்சி சொல்லித்தருகிற அம்மா, மூச்சைக் கவனியுங்கள், மூச்சைக் கவனியுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். மாமா கவனித்தது முன்வரிசையில் குனிந்தவர்களின் பின்பக்கத் தையலை. வெளியே வந்ததும் சொன்னார்:

“ஆறு பேருக்கு அடித்தையல் விட்டுப்போற நிலைமையில இருக்கு. எந்த மடையன் தைச்சானோ. குனியறவனுக்கு அங்க ஒரு துண்டு வச்சுத் தைக்கணும்னு கூடத் தெரியல.”

அடுத்த வாரம் அந்த ஆறு பேரும் கடையில் நின்றார்கள். மாமா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

நீச்சலுக்கு அரைக்கால் சட்டை தைத்தார். எந்தத் துணி தண்ணீரில் கனக்காது என்று பார்க்க, வீட்டில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, துண்டு துண்டாகத் துணியை முக்கி முக்கி எடுத்தார். அந்த மூன்று மாதத்தில் தண்ணீருக்குள் போனது அவருடைய முழங்கை வரைக்கும்தான். ஜிம்முக்கு ஒரு பனியன் தைத்தார். ஜிம் முதலாளி அதைப் பார்த்துவிட்டுத் தன்னுடைய ஆட்களுக்கெல்லாம் அதே மாதிரி வேண்டும் என்றார். கடையின் பின்சுவரில் நான்கு ஆணிகளில் நான்கு உடுப்புகள் வரிசையாகத் தொங்கின. ஊரில் நடக்கிறவன், குனிகிறவன், தூக்குகிறவன் எல்லோரும் மாமாவின் கைத்தையலைப் போட்டுக்கொண்டு இளைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் அவர்களுக்காக உட்கார்ந்திருந்தார்.

நான் கிண்டல் செய்யாத நாள் இல்லை. “மாமா, சும்மா உட்கார்றதுக்கு ஒரு உடுப்பு தைச்சுக்குங்க, அதுதான் பாக்கி” என்று ஒரு முறை தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன். மிஷின் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது. அன்று அவர் பதில் சொல்லவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ‘டப்’ என்று சுண்டுவார். மூச்சை இழுத்துப் பிடித்து, டேப்பைச் சுற்றி, கண்ணை மேலே வைத்துக்கொண்டு, விரலால் முடிச்சைத் தேடுவார். “நாப்பது.” எழுதினேன். “முப்பத்தொன்பதே முக்கால்.” எழுதினேன். “முப்பத்தொன்பது.” எழுதினேன். பன்னிரண்டாவது ஞாயிறு முப்பத்தெட்டரை என்று சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பள்ளிக்கூடத்தில் பாஸான பையன் மாதிரி நின்றார். அத்தனை வாரத்தில் ஒரு தடவைகூட நான் எட்டி அந்த டேப்பைப் பார்க்கவில்லை. என் தொழிலே அசலைப் பார்க்காமல் நகல் எடுப்பதுதானே.

“இந்தத் துணியெல்லாம் தைச்சதே ஒரு உடற்பயிற்சிதான் போல மாப்ள” என்றார். நானும் இருக்கலாம் என்றேன். அக்கா மட்டும் அவருடைய பழைய பேண்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“ரெண்டு இஞ்ச் குறைஞ்சிருக்குன்னா இது தொளதொளன்னு இருக்கணுமே. இன்னும் கொக்கி மாட்ட மாட்டேங்குதே.”

“அது துணி சுருங்கிருச்சு” என்றார் மாமா.

பேண்ட் இறுக்கமாகிவிட்டது என்று வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளரும் சொல்வது அதுதான். துணி சுருங்கிவிட்டது. மாமாவும் முகம் கோணாமல், “ஆமாங்க, இந்த ரகம் கொஞ்சம் சுருங்கும்” என்று சொல்லி, பிரித்துக் கொடுத்து அனுப்புவார். மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அவருக்கே அது மனப்பாடமாகிவிட்டது.

மூன்று மாதம் முடிந்த அன்று மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமா அளவு நோட்டையே கையோடு எடுத்து வந்திருந்தார், கடைசிப் பக்கத்தைக் காட்டுவதற்காக. கழுத்தில் டேப்பும் இருந்தது. அதைக் கழற்றி வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

நர்ஸ் அம்மா அளந்தார். “நாப்பத்தொண்ணே முக்கால்.”

மாமா சிரித்தார். “இல்லம்மா. டேப்பைப் பின்னாடி கொஞ்சம் தாழ்த்தி வைங்க. முப்பத்தெட்டரை வரும்.”

தாழ்த்தி வைத்தார். நாற்பத்தொன்றே முக்கால்தான்.

“அம்மா, நான் இருபத்திரண்டு வருஷமா இதையேதான் செய்யறேன். அளவு தப்புன்னு ஒரு பேண்ட்டு திரும்பி வந்ததில்ல. எந்த இடுப்பு எவ்வளவுன்னு பார்த்தே சொல்லுவேன்.”

“நானும் பதினெட்டு வருஷமா இதையேதான் செய்யறேன்” என்றார் நர்ஸ் அம்மா. அவருக்கும் கோபம் வந்துவிட்டது. “உங்க டேப்பைக் கொடுங்க.”

மேஜைமேல் இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினார். நுனியும் நுனியும் ஒன்றாக இருந்தன. பத்தாவது இஞ்சில் மாமாவின் டேப் கொஞ்சம் முன்னால் போயிருந்தது. இருபதில் இன்னும் கொஞ்சம். மாமாவின் நாற்பதரை வந்து நின்ற இடத்தில் நர்ஸ் அம்மாவின் டேப்பில் நாற்பத்திரண்டு இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகச் சுண்டிச் சுண்டி, துணி டேப் நீண்டுவிட்டிருந்தது.

எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. ஆளை அளப்பதும் அதே டேப், துணியை அளப்பதும் அதே டேப். இரண்டிலும் ஒரே பொய். அதனால்தான் ஒரு பேண்ட்டும் திரும்பி வரவில்லை. அளவு நோட்டில் இருக்கிற எங்கள் தெருவின் அத்தனை இடுப்புகளும், என்னுடையதையும் சேர்த்து, பொய். தைத்துக் கொடுத்தது மட்டும் கச்சிதம்.

“அந்தத் திரை” என்றாள் அக்கா மெதுவாக. அவளுடைய டேப்பில் எடுத்த உயரம், அவருடைய டேப்பில் வெட்டிய துணி. மாமா அவளைப் பார்க்கவில்லை.

டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். “சரி, ஒன்றரை இஞ்ச் டேப்பு சாப்பிட்டுது. அதைச் சேர்த்தாலும் உங்க கணக்கு நாப்பதுதானே வருது? மீதி?”

மீதி மூச்சை இழுத்துப் பிடித்தது, டேப்பை இறுக்கியது, கொஞ்சம் ஆசை. அதை மாமா சொல்லவில்லை. டாக்டர் நர்ஸ் அம்மாவின் டேப்பைக் கையில் எடுத்து, ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்து நீட்டினார்.

“இது எவ்வளவு, படிங்க.”

மாமா டேப்பை வாங்கி விரலால் தடவினார். தடவிக்கொண்டே போனார். அதில் முடிச்சு எதுவும் இல்லை. வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். கிட்டே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார்.

“முப்பத்தாறு” என்றார்.

டாக்டரின் விரல் இருந்தது இருபத்தெட்டில்.

நர்ஸ் அம்மாவின் கோபம்கூடப் போய்விட்டது. அந்தச் சிவப்பு முடிச்சுகள் வேகத்துக்காகப் போட்டவை அல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு ஞாயிறு அவர் எதிரே உட்கார்ந்து, பேனாவைப் பிடித்துக்கொண்டு, குருடனிடம் வழி கேட்பது போலக் கேட்டு எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

அன்றே கண் பரிசோதனை செய்தார்கள். இரண்டு கண்ணிலும் சர்க்கரையின் பாதிப்பு ஆரம்பித்துவிட்டது, வலது கண்ணில் கொஞ்சம் அதிகம். இன்சுலின் ஊசியும் உண்டு என்றாகிவிட்டது. சர்க்கரை இறங்கினால் இருக்கிற பார்வை நிற்கும், போனது போனதுதான், இறங்காவிட்டால் ஒரு வருஷத்துக்கு மேல் சொல்ல முடியாது என்றார் கண் டாக்டர். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்தபோது வாசலில் நர்ஸ் அம்மா நின்றார். மாமா அவர் எதிரே போய் நின்றார்.

“நீங்க சொல்லுங்கம்மா. எந்த உடற்பயிற்சி எனக்குச் சரி?”

நர்ஸ் அம்மா அவரை மேலிருந்து கீழே பார்த்தார். கசங்கிய வெள்ளைச் சட்டை, கடைக்குப் போடுகிற பேண்ட், தேய்ந்த செருப்பு.

“இப்ப போட்டிருக்கீங்களே, இதே உடுப்போட எதைச் செய்ய முடியுமோ அதைச் செய்ங்க. இப்பவே ஆரம்பிங்க.”

பஸ்ஸுக்காக நிற்காமல் நடந்தோம். பாதி வழியில் அக்காதான் பேச்சை எடுத்தாள். அவள் அழவில்லை, ஆனால் குரல் ஒரு மாதிரி இருந்தது.

“என்னங்க. ஏன் அத்தனை உடுப்பு தைச்சீங்க?”

மாமா நடையை நிறுத்தாமலே சொன்னார். “பயம்தான். தைச்சிட்டிருக்கும்போது ஏதோ பண்ணிட்டிருக்கிற மாதிரி இருந்தது. முடிச்சாத்தான் பயம் வந்தது. உடனே அடுத்ததை வெட்ட ஆரம்பிச்சேன்.”

“உங்களுக்குக் கண்ணு தெரியலன்னா நான் நூல் கோத்துத் தரேன். பத்து ஊசி இல்ல, நூறு ஊசி கோக்கிறேன். ஆனா துணியை நான் வெட்ட முடியாதுங்க. கத்தரியை நீங்கதான் பிடிக்கணும்.”

அதன் பிறகு வீடு வரும்வரை மாமா எங்களுக்கு முன்னால் நடந்தார்.

மறுநாளிலிருந்து மத்தியானம் சாப்பிட்டதும் மாமா கடையை விட்டு இறங்கினார். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை, அங்கிருந்து இந்த முனை, பத்து தடவை. அதே சட்டை, அதே செருப்பு. காலையிலும் அப்படியே. முதல் வாரம் தெருவே வேடிக்கை பார்த்தது. கருநீல டிராக் பேண்ட்டில் எதிரே வந்த போஸ்ட்மாஸ்டர் நின்று, “என்னய்யா, இதே மாதிரி உனக்கும் ஒண்ணு தைச்சியே, அதைப் போட்டுக்கக் கூடாதா?” என்றார். “அது ஆணியில தொங்குதுங்க” என்று சொல்லிக்கொண்டே மாமா அவரைத் தாண்டிப் போனார். பேசினால் நிற்க வேண்டும், நின்றால் தைக்கத் தோன்றும் என்று என்னிடம் பிறகு சொன்னார்.

புது டேப் ஒன்று வாங்கினார். அதைக் கழுத்தில் போடவில்லை, மேஜை இழுப்பறையில் வைத்தார். சிவப்பு நூலை எடுத்து முடிச்சுப் போட நான் உட்கார்ந்தேன், நல்லது செய்கிறோம் என்று. கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

“இதுல முடிச்சு வேண்டாம். முடிச்சு இருந்தா நானே அளந்துக்குவேன். இதை நீ படிக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கையை விரித்துக்கொண்டு நின்றார், நான் படித்தேன். முதல் ஞாயிறு நாற்பத்தொன்றே முக்கால். ஒரு கால் இஞ்சாவது குறைத்துச் சொல்லலாமா என்று நாக்கு வரை வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகமாவது அவருக்குச் சரியாகத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. உள்ளதைச் சொன்னேன். “சத்தமா சொல்லு” என்றார். சத்தமாகச் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து நாற்பது. சர்க்கரை பாதிக்குப் பாதி இறங்கியிருந்தது. கண் நின்ற இடத்தில் நிற்கிறது என்றார் கண் டாக்டர். அக்கா இன்னும் காலையில் பத்து ஊசி கோத்துக் கொடுக்கிறாள். அது இனி குறையாது. கோக்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கோப்பாள், இப்போது வாசலில் உட்கார்ந்து கோக்கிறாள்.

வாடிக்கையாளர்களுக்கு அவர் எதையும் சொல்லவில்லை. கழுத்தில் அதே பழைய டேப், அதே ‘டப்’. ஆளுக்கும் துணிக்கும் ஒரே டேப் என்பதால் பேண்ட் எப்போதும் போலக் கச்சிதம். சொல்லிவிட வேண்டாமா என்று ஒரு நாள் கேட்டேன்.

“அவங்க என்கிட்ட பேண்ட்டு தைக்கத்தான வர்றாங்க, வைத்தியம் பார்க்கவா வர்றாங்க?” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “கேட்கிறவனுக்குச் சொல்லுவேன்” என்று சேர்த்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. குறைவாக இருக்கிற எண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பது என் அனுபவமும்கூட.

போன வாரம் என் பேண்ட்டை எடுத்துக்கொண்டு தடுப்பைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். கொக்கி மாட்டவில்லை.

“மாமா, இது கொஞ்சம் சுருங்கிருச்சு. பிரிச்சு விடுங்க.”

மாமா பேண்ட்டை வாங்கி, திருப்பி, தையலைத் தடவிப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும், ஆமாங்க, இந்த ரகம் கொஞ்சம் சுருங்கும் என்றிருப்பார். என்னிடம் அதைச் சொல்லவில்லை. ஒரு கை கழுத்துக்குப் போனது, இன்னொரு கை இழுப்பறையைத் திறந்தது.

“எதுல எடுக்கட்டும் மாப்ள?”

எனக்கு நாற்பத்தாறு வயது. என் அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போவது மாமாவைக் கூட்டிக்கொண்டு போகத்தான். கழுத்து டேப்பைக் காட்டத்தான் என் கை எழுந்தது. அவர் இரண்டையும் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல் நின்றார்.

“புதுசுல” என்றேன்.

அவர் என் இடுப்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தார். இழுக்கவும் இல்லை, தளர்த்தவும் இல்லை. நுனி சேர்ந்த இடத்தில் விரலை வைத்து, டேப்பை என் பக்கம் திருப்பிக் கொடுத்தார்.

“எனக்குத்தான் தெரியாதே. நீயே படி.”

குனிந்து பார்த்தேன். மூச்சை இழுத்துப் பிடித்திருந்தேன். விட்டேன். மறுபடி பார்த்தேன்.

“நாப்பத்திரண்டு” என்றேன்.

“சத்தமா” என்றார் மாமா.